பழைய ஃப்ளாட் கிச்சனை இடிக்காமல் புதுசாக்குவது எப்படி

வேலூரில் சத்துவாச்சாரி, காந்தி நகர், காட்பாடி பக்கம் இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய ஃப்ளாட்களில் கிச்சன் பெரும்பாலும் ஒரே அச்சுதான். கடப்பா கல் மேடை, அதற்குக் கீழே கதவில்லாத கடப்பா தட்டுகள், சுவரில் இரண்டடிக்கு மஞ்சளேறிய வெள்ளை டைல்ஸ், சீலிங் ஓரத்தில் ஒரு டியூப் லைட், பரண் நிறைய எடுக்கவே எடுக்காத பித்தளைப் பாத்திரங்கள். இதை மாற்றலாம் என்று மாடுலர் கிச்சன் கடைக்குப் போனால், "மொத்தமா எடுத்துட்டு புதுசா போட்டுடலாம் சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், கொட்டேஷனும் வாங்கிக்கொள்ளுங்கள், அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள். கையில் ஒரு லட்சமோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ இருந்தால் மேடையும் சிங்க்கும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பணத்தை முதலில் கரண்ட் வயருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போடுங்கள், கதவும் கலரும் மிஞ்சியதில் பார்த்துக்கொள்ளலாம்.

மேடையை உடைத்தால் உடைக்கிற கூலியோடு கணக்கு முடியாது. அந்தக் கல்லையும் காரையையும் மூட்டை கட்டி லிஃப்ட் இல்லாத படியில் மூன்று மாடி இறக்க வேண்டும், புது மணலையும் சிமெண்ட்டையும் அதே படியில் ஏற்ற வேண்டும், இரண்டுக்கும் தனித்தனிக் கூலி. சிங்க்கை ஜன்னல் பக்கம் நாலடி தள்ளி வைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் கழிவுத் தண்ணீர் டக்ட்டில் ஒரே இடத்தில்தான் இறங்குகிறது, அதுவரைக்கும் பைப்பைச் சரிவாகக் கொண்டுபோக வேண்டும், சரிவு போதாவிட்டால் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். சரி, தரையை உடைத்துப் பதிக்கலாம் என்றால் கசிவு கீழ்வீட்டு சீலிங்கில்தான் முதலில் தெரியும். அப்புறம் அசோசியேஷன் மீட்டிங்கில் உங்கள் வீட்டு நம்பர்தான் பேச்சு. வீட்டில் யாராவது அடுப்பு அக்னி மூலையில் இல்லை என்று ஆரம்பித்தால், மேடையில் அடுப்பை மட்டும் அந்த ஓரத்துக்கு நகர்த்தி வையுங்கள், பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும்.

முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்தக் காலத்து கிச்சனில் மிக்ஸிக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று என்று இரண்டு பிளக் பாயிண்ட் இருந்தால் அதிகம். இப்போது கிரைண்டர், இண்டக்ஷன், கெட்டில், ஆர்.ஓ. எல்லாம் சேர்ந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சிங்க் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பாயிண்ட் அதைத் தாங்காது. அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று தனியாக, மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயரில், தனி எம்.சி.பி.யோடு வர வேண்டும். மிக்ஸி, ஃபிரிட்ஜ் பாயிண்ட்டுக்கு 2.5 போதும். தண்ணீரும் கரண்ட்டும் ஒரே மேடையில் இருக்கிற அறை என்பதால் கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போர்டில் இல்லையென்றால் இந்த வேலையோடு போட்டுவிடுங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சுவர் வெட்டும் செலவைக் குறைக்க பி.வி.சி. கேசிங்கில் வெளியே வயர் இழுக்கலாம், பார்க்க அவ்வளவு அழகில்லைதான், ஆனால் டைல்ஸ் மாற்றப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே வெட்டி உள்ளே விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீர் எப்படி என்று குழாய் முனையைப் பார்த்தாலே தெரியும். பழைய ஜி.ஐ. இரும்பு பைப் உள்ளே துருவும் உப்பும் படிந்து துவாரமே சுருங்கிப் போயிருக்கும், புதுக் குழாய் மாட்டினாலும் தண்ணீர் நூல் மாதிரி வருவது இதனால்தான். கிச்சனுக்கு வருகிற லைனையாவது சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றுங்கள், கிச்சனுக்கென்று தனியாக ஒரு வால்வும் வைக்கச் சொல்லுங்கள். பிற்பாடு ஒரு வாஷர் மாற்ற மொட்டை மாடி டேங்க்கை மூடி, மொத்த பிளாக்கிடமும் திட்டு வாங்க வேண்டியதில்லை. உங்கள் ஃப்ளாட்டில் காவிரிக் கூட்டுக்குடிநீர் தனித் தொட்டியில் வருகிறது என்றால் சிங்க்கில் இரண்டு குழாயாகப் போட்டுவிடுங்கள். பாத்திரம் கழுவ போர் தண்ணீர், சமைக்கக் காவிரி. ஆர்.ஓ. வைப்பதாக இருந்தால் அதையும் காவிரி லைனில் கொடுங்கள், மெம்பிரேன் கூடுதல் நாள் உழைக்கும், அதிலிருந்து கழிவாக வருகிற தண்ணீரை ஒரு குழாய் வழியே வாளியில் பிடித்தால் வீடு துடைக்க ஆகும்.

இந்த உப்புத் தண்ணீரை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற பொருளையும் வாங்க வேண்டும். பளபளவென்று இருக்கும் கறுப்பு கிரானைட்டும் கறுப்பு சிங்க்கும் கடையில் அள்ளிக்கொண்டு போகும், வீட்டில் ஒரு வாரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிடும். புள்ளி விழுந்த சாம்பல் அல்லது பழுப்பு கிரானைட்டும், மங்கலான பாலீஷ் உள்ள 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க்கும் இங்கே பொருந்தும். இன்னொரு விஷயம், கடப்பா கல் ஒரு சுண்ணாம்புக் கல். எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் மேற்பரப்பு அரித்து மங்கிவிடும். கிரானைட்டுக்கு எலுமிச்சை ஒன்றும் செய்யாது. குழாய் முனையில் இருக்கும் சல்லடையில் உப்புக் கட்டினால் கழற்றி வினிகரில் ஊறப்போட்டு பழைய பிரஷ்ஷால் தேயுங்கள், குழாயையே மாற்றிவிடாதீர்கள்.

சிங்க் வாங்கும்போது வீட்டில் இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு டேக்சா இறங்குகிற வீடு என்றால் இரட்டைக் கிண்ண சிங்க் வேண்டவே வேண்டாம், இரண்டிலும் அது நுழையாது. 24க்கு 18 அங்குலத்தில், 9 அங்குல ஆழத்தில் ஒற்றைக் கிண்ணம் போதும், குழாய் முனை கொஞ்சம் உயரமாக இருக்கட்டும்.

இப்போது மேடைக்கு வருவோம். கடப்பா கல் விரிசல் இல்லாமல், தட்டினால் ஆடாமல் இருந்தால் அதன் மேலேயே கிரானைட் ஒட்டலாம். ஆங்கில எல் எழுத்து மாதிரி வளைந்த மேடை மொத்தம் 10 அடி நீளம், 2 அடி அகலம் என்றால் 20 சதுர அடிதான் கல். இவ்வளவு சின்ன அளவுக்கு முழு ஸ்லாப் வாங்க வேண்டிய அவசியமில்லை. பெரிய வீட்டு வேலையில் மிஞ்சிய கட் பீஸ்கள் கிரானைட் யார்டில் ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள், அதைக் கேளுங்கள், இரண்டு துண்டு ஒரே நிறத்தில் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. கல் ஒட்டுகிற மாவோடு சேர்த்து மேடை ஏறக்குறைய ஒரு அங்குலம் உயரும் என்பதை மறக்காதீர்கள். நின்று முழங்கையை மடக்கினால் அதிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே மேடை இருப்பதுதான் வசதி, ஏற்கெனவே உயரமான மேடை என்றால் கிரானைட்டுக்குப் பதில் கடப்பாவையே மெஷின் வைத்து பாலீஷ் போடச் சொல்லுங்கள். செலவு குறைவு, பழைய கல்லின் கருநீலம் திரும்ப வந்துவிடும், எண்ணெய்க் கறையை மட்டும் அவ்வப்போது துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

டைல்ஸும் அப்படித்தான், பழையதை உடைக்காமல் மேலேயே ஒட்டலாம். முதலில் ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வருகிறவற்றை மட்டும் பெயர்த்து அந்த இடத்தைப் பூசிவிட்டு, மீதியில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்துக் கழுவி, ஆங்கிள் கிரைண்டர் மெஷினால் கீறல் போட்டு, சிமெண்ட் பாலில் ஒட்டாமல் டைல் மேல் டைல் ஒட்டுவதற்கென்றே விற்கும் பசையில் ஒட்ட வேண்டும். சுவர் தடிமன் கூடுவதால் சுவிட்ச் பாக்ஸ் உள்ளே போய்விடும், குழாய்க்கும் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் தேவைப்படும், இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 12க்கு 18 அங்குல டைல் ஒன்று ஒன்றரை சதுர அடி வரும், 20 சதுர அடிக்கு 14, சேதாரத்துக்கு இரண்டு சேர்த்து 16. அடுப்புக்குப் பின்னால் மட்டும் பரண் வரை ஏற்றிவிடுங்கள், இலவம்பாடி முள் கத்திரிக்காயை எண்ணெய்க் குழம்பு வைக்கிற வீட்டில் இரண்டடி டைல் எந்த மூலைக்கும் காணாது. (அந்தக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, குழம்பு தெறிப்பதற்கு இன்னும் ஒரு தீர்வும் கிடைக்கவில்லை.) இணைப்புகளுக்கு அடுப்புப் பக்கமும் சிங்க் பக்கமும் மட்டும் எபாக்சி கிரவுட் போட்டால் மஞ்சள் கறை ஏறாது. வெயில் காலத்தில் அது சீக்கிரம் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள்.

கதவு விஷயத்தில்தான் பணம் கரையும். மாடுலர் கொட்டேஷனில் பெரிய தொகை எங்கே இருக்கிறது என்று பிரித்துக் கேட்டால், இழுப்பறைகளிலும் ஸ்டீல் கூடைகளிலும் இருக்கும். உங்களுக்கு ஏற்கெனவே கடப்பா தட்டுகள் இருக்கின்றன, கரையான் அரிக்காத, தண்ணீரில் ஊறாத பெட்டி அது. அதற்கு முன்னால் ஃபிரேம் அடித்துக் கதவு மட்டும் மாட்டினால் பாதி மாடுலர் ஆகிவிடும். அலுமினியம் ஃபேப்ரிகேஷன்காரர் செய்வது செலவு குறைவு, உழைப்பும் நன்றாக இருக்கும். மரம்தான் வேண்டும் என்றால் ஆசாரியிடம் தண்ணீர் தாங்கும் ரகமான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் வாங்கச் சொல்லி, வந்து இறங்கியதும் முத்திரையை நீங்களே பாருங்கள். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டும் ஒரு தடவை சிங்க் கசிந்தால் ஊதிவிடும். சிங்க்குக்குக் கீழே மட்டும் பி.வி.சி. கதவு போடுங்கள், அதே பி.வி.சி.யை அடுப்புப் பக்கம் போட்டால் சூட்டில் வளையும். கரண்டி, டம்ளர் வைக்க ஒரு இழுப்பறை, தட்டுக்கு ஒரு கூடை, அவ்வளவு போதும்.

சிலிண்டர் வைக்கிற இடத்துக்குக் கதவு போட்டால் அடிப்பக்கத்தில் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும், சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆரஞ்சு ரப்பர் குழாயின் மேல் காலாவதி தேதி அச்சடித்திருக்கும், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அழகுக்காக அதைச் சுவருக்குள் விடுவதெல்லாம் வேண்டாம், முழுசாகக் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

வெளிச்சம் சின்னச் செலவு, பெரிய மாற்றம். பழைய டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் வெங்காயம் நறுக்கும்போது நம் நிழலே பலகை மேல் விழும். பரணுக்கு அடியில், மேடைக்கு நேர் மேலே ஒரு எல்.இ.டி. பேட்டன் மாட்டினால் கிச்சனே வேறாகத் தெரியும். காற்றுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் முதலில், சிம்னி அப்புறம். ஃபேன் ஓடும்போது அதற்குப் பக்கத்து ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைத்தால்தான் புகையை இழுக்கும், பலர் இதை மாற்றிச் செய்துவிட்டு ஃபேனைக் குறை சொல்கிறார்கள். நம் ஊர் மே மாதத்தில் அந்த ஃபேன் இல்லாமல் அடுப்படியில் நிற்கவே முடியாது. சிம்னி வைத்தே ஆக வேண்டும் என்றால் அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரத்தில், குழாய் வெளிச்சுவர் வழியே போகிற மாதிரி வையுங்கள். டக்ட்டுக்குள் விட்டால் உங்கள் தாளிப்பு மேல்வீட்டு கிச்சனில் மணக்கும், சுவரில் ஓட்டை போட அசோசியேஷனிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெயின்ட்டுக்கு முன்னால் சலவை சோடா கலந்த வெந்நீரில் சுவரையும் சீலிங்கையும் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். எண்ணெய்ப் புகை படிந்த சுவரில் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் உரிந்துவிடும். கழுவக்கூடிய எமல்ஷன், வெளிர் நிறம், போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். வேலை வரிசை வயர், பைப், கல், டைல்ஸ், பெயின்ட், கதவு என்று இருக்கட்டும், ஆசாரி முதலில் வந்துவிட்டால் அவர் கதவு மேல்தான் மேஸ்திரி சிமெண்ட் கொட்டுவார். நடுவில் சமைக்க ஹாலில் ஒரு மேஜையும் இண்டக்ஷனும் போதும், சிலிண்டரைப் படுக்கையறைக்கு நகர்த்தாதீர்கள்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஃப்ளாட் என்றால் கணக்கே வேறு. வங்காளம், ஜார்க்கண்ட் என்று தூரத்திலிருந்து வந்து சில வாரம் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிற குடும்பங்கள் அவை, கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிற வீடு. அங்கே கதவும் கிரானைட்டும் தேவையில்லை. வயரிங், நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன், ஸ்டீல் சிங்க், அடுப்புக்குப் பின்னால் பரண் வரை டைல்ஸ், வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட், இதற்கு மேல் போடுகிற பணம் வாடகையில் திரும்பி வராது.