திருச்சியிலிருந்து பலாலிக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்? நாமே கணக்குப் போடுவோம்

திருச்சிக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் இடையே 2025 மார்ச் இறுதியில் நேரடி விமானம் தொடங்கியது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு அட்டவணையில் ஏன் ஒரு மணி நேரம் போடுகிறார்கள்? ஒரு கால்குலேட்டர் இருந்தால் விடை கிடைத்துவிடும்.

1. இரண்டு இடங்களின் புள்ளிகள்

கூகுள் மேப்பில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. திருச்சி: 10.77, 78.71. பலாலி: 9.79, 80.07. ஊரின் பெயரை மட்டும் தட்டினால் நகரின் நடுப்பகுதி வந்துவிடும். பலாலி யாழ் நகரிலிருந்து தள்ளி இருப்பதால் விமான நிலையத்தையே தேடுங்கள்.

2. தெற்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு

அட்சரேகை வித்தியாசம் 0.98. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்பதால், தெற்கே சுமார் 109 கி.மீ.

தீர்க்கரேகையில்தான் பலரும் தவறுவார்கள். அந்தக் கோடுகள் குடைக் கம்பிகள் போல துருவத்தில் போய்ச் சேர்வதால், நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக இடைவெளி குறையும். அதனால் இரண்டு இடங்களின் சராசரி அட்சரேகையின் கொசைன் (கால்குலேட்டரில் cos) மதிப்பாலும் பெருக்க வேண்டும். இங்கே அது 0.984. தீர்க்கரேகை வித்தியாசம் 1.36. ஆக, 1.36 × 111 × 0.984 = சுமார் 149 கி.மீ.

3. நேர்கோடு

பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம்தான். 109, 149 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 185 கி.மீ. விமானிகள் பேசும் கடல் மைலில் (1.852 கி.மீ.) கிட்டத்தட்ட 100. வரைபடத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: பட்டுக்கோட்டைக்குத் தெற்கே போய், அதிராம்பட்டினம் பக்கத்தில் கடலில் இறங்கும். பாதி நிலம், பாதி கடல்! எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சில நூறு கிலோமீட்டர் வரை இந்த முறை போதும். சிங்கப்பூர் போன்ற தொலைவுக்கு, மேப்பில் உள்ள தூரம் அளக்கும் வசதியையே பயன்படுத்துங்கள்.

4. நேரம்

இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72. விசிறி வைத்த சிறிய விமானம், வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வகுத்தால் 22 நிமிடம். ஆனால் அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறுவது, இறங்குவதற்கு வளைந்து வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். குறுகிய பயணத்துக்கு நான் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்வேன். 52 நிமிடம் வருகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

சென்னை–பலாலிக்கும் போட்டுப் பார்க்கலாம். 355 கி.மீ., பறக்க 43 நிமிடம், அரை மணி சேர்த்தால் 73. அட்டவணையில் சுமார் ஒன்றேகால் மணி. சரியாக வருகிறது.

இலங்கையிலும் இந்தியாவிலும் கடிகாரம் ஒன்றுதான், அதனால் இங்கே தொல்லை இல்லை. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே போகும் விமானத்துக்கு, இறங்கும் நேரத்திலிருந்து அதைக் கழித்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.