ஹிட் விழுந்தது, தடை வருமா? பிளேஆஃப் நேரத்தில் நீங்களே கணிப்பது எப்படி

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் நாக் அவுட் தொடர்களில், ஒருத்தர் தலையில் இன்னொருத்தர் முழங்கை பட்ட அடுத்த நிமிஷமே, பாதி ரசிகர்கள் "பத்து ஆட்டம் உட்கார வைக்கணும்" என்பார்கள், மீதிப் பாதி "சுத்தமான ஹிட், அவன்தான் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்" என்பார்கள். மறுநாள் தீர்ப்பு வரும், இரண்டு பக்கத்துக்கும் ஏமாற்றம். ஆனால் கொஞ்சம் பழகிவிட்டால் அந்தத் தீர்ப்பை முன்கூட்டியே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். அது நியாயமாக இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை.

முதலில் யார் தீர்ப்பு சொல்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பாருங்கள். ரெஃபரி கொடுப்பது 2 நிமிஷம், 5 நிமிஷம் வெளியே உட்கார வைக்கும் பெனால்டி, மிஞ்சினால் ஆட்டத்தை விட்டே வெளியே அனுப்புவது. அதோடு அவர் வேலை முடிந்தது. மோதல்களுக்கான தடையும் அபராதமும் லீக்கின் பிளேயர் சேஃப்டி பிரிவின் கையில். 2011-ல் பிரெண்டன் ஷானஹன் தலைமையில் ஆரம்பித்தது, 2017-ல் ஜார்ஜ் பாரோஸ் வந்தார். ஆடிய காலத்தில் சண்டைக்கென்றே பேர்போனவர் அவர். அவரைப் பிடித்து ஒழுங்கு பார்க்க உட்கார வைத்தது பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அதை இப்போது விடுங்கள்.

ரெஃபரி விசில் அடிக்கவில்லை என்றால் ஒன்றும் வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2025 முதல் சுற்றில் ஃப்ளோரிடாவின் ஏரன் எக்பிளாட் முழங்கையால் டாம்பாவின் பிராண்டன் ஹேகலைச் சாய்த்தபோது பெனால்டியே இல்லை. போதாக்குறைக்கு அதே ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் சமன் செய்த கோலையும் எக்பிளாட்தான் அடித்தார். அப்புறம்தான் இரண்டு ஆட்டத் தடை வந்தது. தலைகீழாகவும் நடக்கும். 2019-ல் வேகாஸும் சான் ஹோசேயும் மோதிய ஏழாவது ஆட்டத்தில் வேகாஸின் கோடி ஈக்கினுக்கு மேஜர் என்ற 5 நிமிஷ பெனால்டி கொடுத்தார்கள், 3-0 என்று பின்தங்கியிருந்த சான் ஹோசே அந்த ஒரே பவர் பிளேயில் (எதிரணி ஓர் ஆள் குறைவாக ஆடும் நேரம்) நான்கு கோல் போட்டு, கடைசியில் ஓவர்டைமில் ஜெயித்தது. பிறகு லீக் வேகாஸிடம் மன்னிப்புக் கேட்டது, அடுத்த சீசனிலிருந்து மேஜர் பெனால்டியை ரெஃபரி வீடியோவில் சரிபார்க்கலாம் என்று விதியையும் மாற்றியது. ஆக, களத்தில் கொடுத்த பெனால்டியை வைத்துத் தடையைக் கணக்குப் போடாதீர்கள்.

சரி, ரீப்ளேக்கு வருவோம். முதல் தடவை முழு வேகத்தில் பாருங்கள். ஸ்லோ மோஷனில் போட்டால் எந்த ஹிட்டும் கொலை முயற்சி மாதிரிதான் தெரியும், தொலைக்காட்சிக்காரர்களும் அதைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அப்புறம் மெதுவாக ஓடவிட்டு, ஆளைப் பார்க்காமல் பக் (ஆடும் ரப்பர் வட்டு) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவரிடம் பக் இல்லவே இல்லையா, அல்லது கையை விட்டுப் போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டதா? அப்படியென்றால் இன்டர்ஃபியரன்ஸ் என்று பிடித்துவிடுவார்கள். அடுத்தது அடிப்பவரின் கால்கள்: தூரத்திலிருந்து தள்ளித் தள்ளி வேகம் சேர்த்துக்கொண்டு வருகிறாரா, சும்மா சறுக்கி வருகிறாரா, உடம்பு படுவதற்கு முன்பே ஸ்கேட் பனியை விட்டு எழும்பிவிட்டதா? மூன்றாவதாக, முதன்மையாக எங்கே பட்டது, தோளிலா தலையிலா? தலைதான் என்றால், அதைத் தவிர்த்திருக்க முடியுமா என்பது தலையில் அடிப்பதைப் பற்றிய விதி 48-ன் கேள்வி. அந்த விதியே 2010-ல் வந்ததுதான். அந்த வருஷம் மார்ச்சில் பாஸ்டனின் மார்க் சவார்டை மாட் குக் தலையில் அடித்தபோது, எழுதப்பட்ட எந்த விதியையும் மீறவில்லை என்று அவரை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அடி வாங்கியவர் கடைசி நொடியில் முதுகைத் திருப்பினாரா, சட்டென்று குனிந்தாரா? அப்படியானால் அடித்தவருக்குச் சலுகை கிடைக்கும். உங்கள் அணிக்காரர் அடிவாங்கியபோது இதை ஒப்புக்கொள்வது கஷ்டம்தான், ஆனாலும் பாருங்கள்.

இதையெல்லாம் வைத்துப் பழகிப்பார்க்க நல்ல காட்சி ஒன்று இருக்கிறது. 2021, வினிபெக்கும் மாண்ட்ரியலும், இரண்டாவது சுற்றின் முதல் ஆட்டம், கடைசி நிமிஷம். வினிபெக் கோலியை (கோல் காப்பவரை) வெளியே எடுத்துவிட்டது. ஜேக் எவன்ஸ் பக்கோடு காலி வலைக்குப் பின்னால் சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து உள்ளே தள்ளுகிறார், அந்தக் கணத்தில் முழு வேகத்தில் வந்த மார்க் ஷைஃபெலி அவர் மேல் பாய்கிறார். எவன்ஸை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். கோலைத் தடுக்கப் போனார் என்று வாதாடினார்கள். அப்படியானால் மட்டை பக்கை நோக்கி நீண்டிருக்க வேண்டும், அதைத் தேடிப் பாருங்கள். நான்கு ஆட்டத் தடை. மாண்ட்ரியல் அந்தத் தொடரை நான்கே ஆட்டத்தில் முடித்துவிட்டதால் மூன்றுதான் அதில் கழிந்தது, மிச்சம் ஒன்று அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்குப் போனது. 1993-ல் கோல் அடித்துவிட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்த பியேர் டர்ஜனை டேல் ஹண்டர் பின்னாலிருந்து மோதியதற்கு அடுத்த சீசனில் 21 ஆட்டம் கொடுத்தார்கள். கேரி பெட்மன் கமிஷனராக வந்த முதல் வருஷம் அது, கை கொஞ்சம் ஓங்கியிருந்தது.

இப்போது எனக்கு எரிச்சல் வரும் இடம். விதி மீறப்பட்டது என்று முடிவானதும் அடுத்து இரண்டு கேள்வி கேட்பார்கள்: காயம் பட்டதா, அடித்தவருக்குப் பழைய கணக்கு இருக்கிறதா, அதாவது முன்பே தண்டனை வாங்கியவரா. இந்த இரண்டும்தான் எண்ணிக்கையை ஏற்றி இறக்கும். 2012-ல் நாஷ்வில்லின் ஷே வெபர், ஆட்டம் முடியும் நேரத்தில் டெட்ராய்ட்டின் ஹென்ரிக் செட்டர்பெர்க் தலையைப் பிடித்துக் களத்தைச் சுற்றியிருக்கும் கண்ணாடியில் மோதினார். ஹெல்மெட் விரிசல் விட்டது, ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 2,500 டாலர் அபராதம், அவ்வளவுதான். அந்தச் சுற்று முழுக்க அடிதடியாகப் போனது, சில நாளில் ஃபீனிக்ஸின் ராஃபி டாரஸ் மரியன் ஹோசாவைச் சாய்த்தார், ஹோசா ஸ்ட்ரெச்சரில் போனார், டாரஸுக்குப் பழைய கணக்கும் நிறைய, 25 ஆட்டம். கையால் தலையைப் பிடித்து மோதுவதில் எந்த வேகக் கணக்கும் இல்லை, தற்செயல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்குத் தடையே இல்லையென்றால், இவர்கள் செயலை எடைபோடவில்லை, மருத்துவ அறிக்கையை எடைபோடுகிறார்கள்.

ஆகவே கணிக்கும்போது அடிபட்டவர் திரும்பி வந்து ஆடினாரா என்று கட்டாயம் பாருங்கள். ஆனால் இதுவும் தனியாகப் போதாது. 2025 இரண்டாவது சுற்றில் சாம் பென்னட்டின் முழங்கை டொரொண்டோ கோலி ஆண்டனி ஸ்டோலார்ஸ் தலையில் பட்டது, அவர் அந்தத் தொடரில் மறுபடி ஆடவே இல்லை. பென்னட்டுக்கு பெனால்டியும் இல்லை, தடையும் இல்லை. கடைசியில் பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதை வாங்கிக்கொண்டு போனார். டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எந்தத் தமிழர் வீட்டு விருந்துக்குப் போனாலும் இந்தப் பேச்சைத் தொடங்கிவிடாதீர்கள், சோறு ஆறிவிடும்.

பழைய கணக்குக்கு நசீம் காட்ரியைப் பாருங்கள். டொரொண்டோவுக்கு ஆடியபோது 2018-ல் 3 ஆட்டம், 2019-ல் தொடரின் மிச்சம் முழுக்க, இரண்டும் பாஸ்டனுக்கு எதிராக, இரண்டு தொடரும் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. 2021-ல் கொலராடோவுக்குப் போய் ஜஸ்டின் ஃபாக் தலையில் அடித்ததற்கு 8 ஆட்டம். சட்டப்படி "ரிப்பீட் அஃபெண்டர்" என்பது 18 மாதத்துக்குத்தான், ஆனால் அதைத் தாண்டிய பழைய கதையையும் எண்ணிக்கை முடிவு செய்யும்போது எடுத்துப் பார்ப்பார்கள்.

காலண்டரையும் கவனியுங்கள். பிளேஆஃபில் ஓர் ஆட்டத்துக்குத் தனி எடை. சாதாரண சீசனில் நான்கு கிடைக்கும் ஹிட்டுக்கு இங்கே இரண்டு கிடைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். இன்னொரு வேடிக்கை: வீரர்களின் சம்பளம் சீசனோடு முடிந்துவிடுவதால் பிளேஆஃப் ஆட்டத் தடையால் சம்பளம் ஒரு காசும் போகாது. அபராதம் அதைவிடக் கேலிக்கூத்து. 2021 மே மாதம், இது சீசன் ஆட்டம்தான், டாம் வில்சன் நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஆட்களைப் புரட்டி எடுத்ததற்கு 5,000 டாலர். அதைக் கண்டித்து, பாரோஸ் அந்தப் பதவிக்கே லாயக்கில்லை என்று ரேஞ்சர்ஸ் அறிக்கை விட்டதற்கு 2,50,000 டாலர். எது பெரிய குற்றம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ப்புக்கு முன்பே ஒரு துப்பு கிடைக்கும். ஹியரிங் (விசாரணை) என்று அறிவிப்பு வந்தால் எந்த வகை என்று பாருங்கள். தொலைபேசியில் என்றால் அதிகபட்சம் 5 ஆட்டம். நேரில் வரச் சொல்லி அழைத்தால் 6 அல்லது அதற்கு மேலும் கொடுக்க வழி வைத்துக்கொள்கிறார்கள். ஹியரிங்கே இல்லையா? அபராதம்தான் மிச்சம், அதுவும் இல்லாமலும் போகலாம். தடை வந்ததும் ஒரு விளக்க வீடியோ போடுவார்கள், அதைத் தவறாமல் பாருங்கள். எந்த விதி, எது தவிர்த்திருக்கக்கூடியது, காயம், பழைய கணக்கு என்று வரிசையாகச் சொல்வார்கள். உங்கள் கணிப்பு எங்கே பிசகியது என்று அதில் தெரிந்துவிடும்.

மேல்முறையீட்டை நம்பி உட்காராதீர்கள். முதலில் கமிஷனரிடம்தான் போக வேண்டும், தடை 6 ஆட்டத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் அதன்பின் நடுநிலை நடுவரிடம் (களத்து ரெஃபரி இல்லை, வழக்கைத் தீர்க்கும் வெளியாள்) போகலாம். டாரஸின் 25, 21 ஆனது. 2018-ல் வில்சனின் 20 ஆட்டத்தை நடுவர் 14 ஆகக் குறைத்தபோது அவர் ஏற்கெனவே 16 ஆட்டம் வெளியே உட்கார்ந்து முடித்திருந்தார். பிளேஆஃபில் இரண்டு நாளைக்கு ஓர் ஆட்டம் நடக்கும். மேல்முறையீடு முடிவதற்குள் தொடரே முடிந்துவிடும்.