நோட்டில் எழுதாத காற்று: ஃபுட்பால் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணகுடிப் பக்கம் ஆடி மாதம் ஃபுட்பால் ஆடியவர்களுக்குத் தெரியும், கோலி, அதாவது கோல்கீப்பர், ஓங்கி உதைத்த பந்து பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வரப் பார்க்கும். காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்? இது தெரிந்திருந்தும் நான் ஒரு தப்பு செய்தேன். எங்கள் ஊர்ப் பையன்களின் அணிக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். ஒரு மேட்சில் முதல் பாதியில் 9 ஷாட், இரண்டாம் பாதியில் வெறும் 2. பையன்களுக்கு மூச்சு பத்தவில்லை என்று முடிவு கட்டி, அடுத்த வாரம் முழுக்கத் தேரி மணலில் ஓடவிட்டேன். நாலாம் நாள் ஒருவன் இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொண்டு, “அண்ணாச்சி, செகண்ட் ஹாஃப்ல காத்து நமக்கு எதிர்க்கலா அடிச்சி” என்றான். நோட்டைப் புரட்டினேன். எந்தப் பாதியில் எந்தக் கோலைப் பார்த்து ஆடினோம் என்றுகூட அதில் இல்லை.

இன்று ஐரோப்பியக் கிளப்களில் யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை எத்தனை நிமிடம் ஆடவிடுவது என்பதிலெல்லாம் எண்களுக்கு ஒரு சொல் உண்டு. அந்த எண்கள் இப்போது நம் போனுக்கும் வந்துவிட்டன. கூடவே அவர்கள் அறுபது எழுபது வருடமாகச் செய்த தப்புகளும் வருகின்றன.

அதில் மூத்த தப்பு சார்லஸ் ரீப்புடையது. ஆங்கிலேய விமானப் படையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆடிய ஒரு மேட்சின் நடுவே நோட்டை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தவர், அப்புறம் பல்லாண்டு விடவே இல்லை. கோல்களில் ஏறத்தாழ 80 சதவீதம் மூன்று பாஸ் அல்லது அதற்கும் குறைவான நகர்வுகளில் விழுகின்றன என்று கண்டார். ஆகவே பந்தைச் சுற்றிச் சுற்றித் தராதே, தூக்கி முன்னால் அடி என்றார். இங்கிலாந்தில் பலர் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள்.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் வழுக்கி விழுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். அதனால் உள்ளூர்க்காரன் காலுக்குப் பாறை வழுக்காது என்று ஆகிவிடுமா? குளிக்க வருகிற கூட்டமே வெளியூர்க் கூட்டம்தானே. ரீப் கணக்கும் இதேதான். ஆட்டத்தில் பந்து கைமாறுகிற நகர்வுகளில் 90 சதவீதத்துக்கு மேல் மூன்று பாஸுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. 90-க்கு மேல் இருக்கிற கூட்டம் 80 கோலைத்தான் கொண்டுவருகிறது என்றால், பத்துக்கும் குறைவான நீண்ட நகர்வுகள் மீதி 20-ஐக் கொண்டுவருகின்றன. அவர் நோட்டே அவருக்கு எதிராகப் பேசியது. எத்தனை கோல் என்று எழுதும்போது எத்தனை முயற்சியில் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிழை போய்விடும்.

அடுத்தது, எண்ண முடிவதை மட்டும் எண்ணுவது. 2001-இல் மான்செஸ்டர் யுனைடெட் தன் ஸ்டாப்பர் (நடுவில் நின்று தடுக்கிறவர்) யாப் ஸ்டாமை இத்தாலியின் லாட்சியோ கிளப்புக்கு விற்றது. அவர் டேக்கிள், அதாவது எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிக்கிற, எண்ணிக்கை குறைந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று வெகு நாளாகப் பேச்சு உண்டு. காரணம் எதுவோ, விற்றது தப்பு என்று அன்றைய மேனேஜர் ஃபெர்குசனே பின்னால் ஒப்புக்கொண்டார். நல்ல ஸ்டாப்பர் முன்கூட்டியே சரியான இடத்தில் போய் நின்றுவிடுவான், சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்க வேண்டிய வேலையே வராது. அவன் பெயருக்கு நேரே நோட்டில் சைபர் இருக்கும். எங்கள் அணியிலும் அப்படி ஒரு பையன் உண்டு, மூன்று மேட்ச் வெளியே உட்கார வைத்திருந்தேன். அவன் அம்மா இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

பந்து யாரிடம் அதிக நேரம் இருந்தது என்பதை வைத்துப் பெருமை பேசுவதும் இந்த வகைதான். 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் கொடுத்தது. ஆட்டம் 1-1, பெனால்டியில் வெளியே போனது.

எக்ஸ்ஜி என்ற எண்ணைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். இதே மாதிரி இடத்திலிருந்து முன்பு அடித்த ஷாட்களில் எத்தனை கோலானது என்று பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் சைபருக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு மதிப்பு போடுவார்கள். பெனால்டிக்கு ஏறத்தாழ 0.76 முதல் 0.79. நல்ல எண்தான், சண்டையில்லை. ஆனால் ஒரே மேட்சின் எக்ஸ்ஜியைக் காட்டி “நாம்தான் ஜெயித்திருக்க வேண்டும்” என்று வாட்ஸ்அப்பில் மல்லுக்கட்டுவது வீண். லிவர்பூலில் இயன் கிரஹாம் என்ற இயற்பியல் முனைவர் அதைப் பயன்படுத்திய விதம் வேறு. 2014-15-இல் க்ளாப் கோச்சாக இருந்த டார்ட்மண்ட் ஜெர்மன் லீக்கில் ஏழாம் இடத்தில் முடிந்தது. முழு சீசனின் கணக்கையும் ஓடவிட்டுப் பார்த்தால் அந்த அணி ஆடிய ஆட்டத்துக்கு இரண்டாம் இடம் கிடைத்திருக்க வேண்டும், அதிர்ஷ்டம் இல்லை என்று அவர் கணக்கு சொன்னது. 2015 அக்டோபரில் க்ளாப் லிவர்பூலுக்கு கோச்சாக வந்தார், 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இல் பிரீமியர் லீக் என்று ஜெயித்தார்.

அவர்கள் கண்டதை அப்படியே இங்கே நடுவதிலும் கவனம் வேண்டும். சமமான புல்தரையில் பின்னாலிருந்து சின்னச் சின்னப் பாஸாக ஆடுவது லாபம் என்று எண்கள் சொல்லலாம். அணிக்கு ஏழு பேர் ஆடுகிற திருவிழா செவன்ஸில் பாதிக் கல்லும் பாதி முள்ளுமாக இருக்கிற தரையில் கோலி அப்படிப் பாஸ் கொடுத்தால், பந்து குதிக்கிற திசை அவனுக்கே தெரியாது.

கடைசியாக, கண்டுபிடித்ததையெல்லாம் ஆடுகிறவன் தலையில் கொட்டுவது. 2006 உலகக் கோப்பை காலிறுதியில் ஜெர்மனி கோலி லேமன், அர்ஜென்டினாக்காரர்கள் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் காலுறையில் செருகி வைத்திருந்தார். ஏழே பெயர்கள். அந்த ஏழு பேரில் அடிக்க வந்தது இரண்டே பேர். கடைசியாக வந்த கம்பியாஸோ பெயர் சீட்டில் இல்லவே இல்லை. லேமன் சீட்டை எடுத்து நிதானமாகப் பார்த்தார், மடித்து வைத்தார், பாய்ந்து பந்தைத் தடுத்தார்.

இதைச் சொன்னதிலிருந்து எங்கள் கோலியும் பெனால்டிக்கு முன்னால் காலுறையிலிருந்து ஒரு தாளை எடுத்து உற்றுப் பார்க்கிறான். போன தடவை வாங்கிப் பிரித்தேன். கால் கிலோ உளுந்து, சீயக்காய்த் தூள், ரெண்டு தேங்காய்.