மலையடிவார ஊர்களில் பொழுது சாயும்போது குழந்தைகளைப் படம் எடுப்பது எப்படி

தென்காசி, செங்கோட்டை, பண்பொழி பக்கம் மாலையில் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்தை நம்பக் கூடாது. நவம்பர் கடைசியில் அது ஆறு மணியை ஒட்டி இருக்கும், ஜூன் கடைசியில் ஆறே முக்காலை ஒட்டி. மேற்கே மலை நிற்கிற ஊரிலோ சூரியன் அதற்கு வெகு முன்பே மறைந்துவிடும். கையை நேராக நீட்டி, நான்கு விரல்களைப் படுக்கைவசமாகச் சேர்த்து, மலை முகட்டுக்கும் சூரியனுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், அந்த நான்கு விரல் அகலம் சுமார் அரை மணி நேரம். 1000 மீட்டர் உயரமுள்ள முகடு 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வெயில் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடும். அதே முகட்டிலிருந்து 15 கிலோமீட்டர் கிழக்கே வந்துவிட்டால் கால் மணி நேரம்தான் இழப்பு. தலைமுடி ஓரத்தில் பொன்வெயில் மின்ன வேண்டுமென்றால் சுந்தரபாண்டியபுரம் போலக் கிழக்கே தள்ளிய வயல்வெளிக்குப் போவது நல்லது.

ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு மலை வெயிலை மறைத்த பிறகு வரும் வெளிச்சமே நல்லது. கண் கூசாது, மூக்கின் நிழல் விழாது. மேற்கு வானம் முழுதும் ஒரு பெரிய விளக்காகிவிடும். குழந்தையின் முகம் அந்த வானத்தைப் பார்க்கும்படி நீங்கள் மேற்கே நின்றுகொள்ளுங்கள். பச்சை வயலுக்கு நடுவில் நிறுத்தினால் தாடைக்குக் கீழே பச்சை படியும். செம்மண் களமோ மணல் தரையோ இதமான நிறத்தைத் திருப்பித் தரும். முகத்தின் ஒரு பக்கம் இருண்டால், வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து ஒருவர் ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தால் போதும். கடையில் ரிஃப்ளெக்டர் வாங்க வேண்டாம்.

வெளிச்சம் குறைய ஆட்டமும் குறைய வேண்டும். ஓட்டமும் துரத்தலும் வெயில் இருக்கும்போதே முடியட்டும். வெயில் மறைந்ததும் ஊஞ்சல், நொண்டி. அதற்குப் பிறகு உட்கார்ந்து கூழாங்கல் அடுக்குவது, பூப் பறிப்பது. இந்த வரிசையை மாற்றி, இருட்டுகிற நேரத்தில் ஓடச் சொல்வதால்தான் பெரும்பாலான படங்கள் கலங்குகின்றன.

காரணம் ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சத்துக்காக ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஓடும் குழந்தைக்கு 1/500 விநாடி, நடப்பதற்கு 1/250, உட்கார்ந்திருப்பதற்கு 1/125. அதற்குக் கீழே போனால் கேமரா அசையாவிட்டாலும் குழந்தையின் கை அசைந்துவிடும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்துக்குத்தான். குழந்தையின் துள்ளலை அது நிறுத்தாது. ஊஞ்சல் இரு முனையிலும் ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து அழுத்தினால் 1/125 கூடப் போதும். குதிக்கும்போது உச்சியும் அப்படித்தான்.

ஷட்டரை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை, கேமராவிடம் விடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ, மேல் வரம்பு 6400. புள்ளிப்புள்ளியாக வரும் என்று பயந்து 800இல் நிறுத்தி, இருண்ட படத்தைப் பிறகு கணினியில் ஏற்றினால் புள்ளிகள் இன்னும் அசிங்கமாகத் தெரியும். கேமராவோடு வரும் கிட் லென்ஸ், ஜூம் முழுவதும் நீட்டினால் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும் (எஃப் என்பது லென்ஸ் வாயின் அளவு; எண் கூடினால் வாய் சிறுக்கும்). 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் அது பத்தில் ஒரு பங்குதான். கிட் லென்ஸ் மட்டுமே இருந்தால் ஜூமைச் சுருக்கிவிட்டு நீங்கள் கிட்டப் போங்கள்.

எஃப் 1.8இல் ஓர் ஆபத்தும் உண்டு. சின்ன சென்சார் கேமராவில் இரண்டு மீட்டர் தூரத்தில் சுமார் 11 செண்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். அக்காவும் தம்பியும் முன்னே பின்னே நின்றால் ஒரு முகம் மங்கிவிடும். இருவரையும் ஒரே கோட்டில் உட்கார வைத்து எஃப் 2.8 அல்லது 4 வையுங்கள். ஃபோகஸைத் தொடர்ந்து பின்தொடரும் முறையில் வைத்து, கண்ணைப் பிடியுங்கள். பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள். மங்கலில் ஓரப் புள்ளிகள் தடுமாறும். ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கை அணைத்துவிடுங்கள். அதைப் பார்த்ததுமே குழந்தை கண்ணைச் சுருக்கும்.

குழந்தைக்குப் பின்னால் வானம் வந்தால் கேமரா வானத்தைக் கணக்கிட்டு முகத்தைக் கறுக்க விடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 கூட்டுங்கள். அதற்கு மேல் ஏற்றி மாநிறக் குழந்தையை வெளுக்க வைக்காதீர்கள். அந்தத் தோலில் அந்தி வெளிச்சம் பதிகிற அழகு, வெளுத்தால் போய்விடும். வெயில் மறைந்தபின் நிறம் நீலம் சாயும். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ‘நிழல்’ அல்லது ‘மேகமூட்டம்’ என்று மாற்றுங்கள், முடிந்தால் ரா கோப்பாக (பிறகு நிறத்தை மாற்ற வசதியான மூலக் கோப்பாக) எடுங்கள்.

கைபேசியில் எடுப்பவர்கள் நைட் மோடை அணைக்க வேண்டும். அது ஓரிரு விநாடிகளில் பல படங்களைச் சேர்ப்பது, சிணுங்கும் குழந்தைக்கு ஆகாது. ஜூம் வேண்டாம், பிரதான கேமராவே அதிக வெளிச்சம் வாங்கும். லென்ஸைத் துணியால் துடையுங்கள். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு மண் ஒட்ட வேண்டும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் கிடைக்கும். “சிரி, சிரி” என்று சொன்னால் பல்லை இளிக்குமே தவிர சிரிக்காது. ஆச்சியை உங்கள் தோளுக்குப் பின்னால் உட்கார வைத்து, “அந்தா மயிலு போவுது பாரு” என்று பேசச் சொல்லுங்கள். பார்வை லென்ஸ் பக்கமே வரும். ஐந்து மணிக்கே வயிற்றுக்குக் கொடுத்துவிடுங்கள், பசித்த பிள்ளை ஆறு மணிக்கு ஒத்துழைக்காது. சாரல் மாதங்களில் கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் பிள்ளைக்கு ஒரு மாற்றுத் துணியும் வேண்டும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. இருட்டியபின் வரப்பில் பாம்பு நடமாட்டம் இருக்கும், ஆகவே கடைசிப் படங்களுக்குக் களத்துக்கோ வீட்டு வாசலுக்கோ திரும்பிவிடுங்கள். குளக்கரையில் எடுத்தால் லென்ஸ் பார்க்காத இன்னொரு பெரியவர் பிள்ளையின் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

உண்மையான அஸ்தமனத்துக்குப் பிறகு இருபது நிமிடம் சொச்சம்தான் வானத்தில் ஒளி. அதில் கடைசிப் பத்து நிமிடம் வாசல்படிக்கு உரியது. விளக்கு வைக்கிற நேரத்தில் திண்ணை பல்பின் மஞ்சளும் வெளியே வானத்தின் நீலமும் சமமாகும். பிள்ளையைப் பல்புக்கு இரண்டடி தள்ளி உட்கார வைத்து 1/100இல் எடுங்கள். நம் மின்சாரத்தில் பல்புகள் விநாடிக்கு நூறு முறை துடிப்பதால், 1/500இல் எல்இடிக்குக் கீழே குறுக்குப் பட்டைகள் விழக்கூடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம். பிள்ளை அசையாமல் இருக்க, கையில் ஒரு முறுக்கைக் கொடுங்கள்.