ஜாக் தி ரிப்பரும் இளவரசரும்: இந்தக் கதையைச் சொல்பவர்கள் சறுக்கும் இடங்கள்

1888-ல் கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் 'ஜாக் தி ரிப்பர்' என்று அழைக்கப்பட்ட, கடைசிவரை அடையாளம் தெரியாத கொலைகாரன் செய்த கொலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், யாராவது ஒருவர் விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டரின் பெயரை இழுக்காமல் இருக்கமாட்டார். இழுக்கட்டும். ஆனால் அதில் இரண்டு வேறு கதைகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

முதல் கதையில் இளவரசரே கொலைகாரர். பால்வினை நோய் முற்றிப் புத்தி கலங்கியவர். 1970-ல் டாக்டர் தாமஸ் ஸ்டோவெல் எழுதிய கட்டுரையில் பரவியது இது. கொலைகாரரின் பெயரை ஸ்டோவெல் சொல்லவில்லை, 'எஸ்' என்று மட்டும் குறிப்பிட்டார். அடையாளங்களை வைத்துப் பத்திரிகைகள் இளவரசரைக் கண்டுபிடித்துக்கொண்டன. இரண்டாவது கதையில் அவர் வெறும் காதலர். ஆனி குரூக் என்ற கடைப் பெண்ணை ரகசியமாகக் கல்யாணம் செய்தார், அதை அறிந்த பெண்களை அரண்மனை மருத்துவர் வில்லியம் கல் தீர்த்துக்கட்டினார் என்று போகும். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ஒன்றுக்கு ஆதாரம் கேட்டால் மற்றதைக் காட்டுவதுதான் வழக்கமான தப்பு.

அடுத்தது, நாள்காட்டியைப் பார்க்காமல் நோக்கத்தை மட்டும் துருவுவது. செப்டம்பர் 30 ஞாயிறு அதிகாலை ஒரு மணிவாக்கில் எலிசபெத் ஸ்ட்ரைடின் உடல் கிடைத்தது. முக்கால் மணி நேரத்தில் மைட்டர் சதுக்கத்தில் கேத்தரின் எடோஸின் உடல். அன்று மதியம் இளவரசர் ஸ்காட்லாந்தில் பாட்டியோடு சாப்பிட்டதை மகாராணியின் நாட்குறிப்பே சொல்கிறது. இடையில் சுமார் 800 கிலோமீட்டர், அந்தக் காலத்து ரயில். ஆகஸ்ட் 31, மேரி ஆன் நிக்கோல்ஸ் இறந்த அன்று அவர் யார்க்ஷயரில் விருந்தாளி. மேரி ஜேன் கெல்லி கொல்லப்பட்ட நவம்பர் 9 அவருடைய அப்பாவின் பிறந்தநாள். குடும்பத்தோடு சாண்ட்ரிங்ஹாமில் இருந்தார்.

"அதெல்லாம் அரண்மனை எழுதிவைத்த கணக்கு" என்பார்கள். சரி, யாருக்காக எழுதிவைத்தார்கள்? இளவரசர் மீதான சந்தேகம் அச்சில் தலைகாட்டியதே 1960-களில்தான். எழாத சந்தேகத்துக்கு எழுபது ஆண்டுகள் முன்பே பதில் தயாரிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இரண்டாவது கதையில் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 1772-ஆம் ஆண்டின் அரச குடும்பத் திருமணச் சட்டப்படி, மகாராணியின் சம்மதம் இல்லாமல் இளவரசர் செய்யும் கல்யாணம் செல்லாது. ஒரு வக்கீல் முடித்துவைக்கக்கூடிய விஷயத்துக்கு இத்தனை கொலைகளா? டாக்டர் கல்லுக்கு அப்போது 71 வயது, முந்தைய ஆண்டுதான் பக்கவாதம் வந்திருந்தது. கதையைக் கிளப்பிய ஜோசப் சிக்கெர்ட்டே, கொலைப் பகுதி தன் கற்பனை என்று 1978-ல் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். கொல்லப்பட்ட பெண்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதற்கும் உருப்படியான ஆதாரம் இல்லை.

சின்னச் சின்னப் பிழைகளும் உண்டு. 1888-ல் நடந்ததைச் சொல்லும்போது இளவரசரை 'கிளாரன்ஸ் கோமகன்' என்பார்கள். அந்தப் பட்டம் கிடைத்தது 1890-ல். 1892-ல் அவர் இறந்ததை மர்மம் என்பார்கள். இன்ஃப்ளூயென்சாவும் நிமோனியாவும்தான் காரணம். அப்போது இன்ஃப்ளூயென்சா உலகம் முழுக்கப் பரவிய கொள்ளைநோய்.

அப்புறம் அந்த இந்தியப் பயணம். கொலைப் பழியிலிருந்து தப்பவைக்கவே அனுப்பினார்கள் என்று சொல்வதுண்டு. அவர் இங்கே வந்தது 1889 கடைசியில், கெல்லி இறந்து ஓராண்டுக்குப் பிறகு. பெங்களூரு லால்பாகில் இன்றும் நிற்கும் கண்ணாடி மாளிகைக்கு அந்த நவம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டியவர் இவர்தான். ஒளித்துவைக்க வேண்டிய ஆளை ஊரறிய விழா எடுத்து யாரும் மேடையேற்றமாட்டார்கள்.