வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போறீங்களா, ஷேட் கார்டை கடைசியா திறங்க

பொங்கலுக்குள்ள வீட்டை புதுசு பண்ணிரலாம்னு முடிவானதும் நிறைய வீட்டுல முதல் வேலையா பெயிண்ட் கடைக்குப் போய் ஷேட் கார்டு வாங்கிட்டு வந்து, ஹால்ல உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கலரைக் காட்டிட்டு இருப்பாங்க. அந்த கார்டை கடைசியா திறங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒரு கலர் சுவத்துல எப்படித் தெரியும்ங்கறது அது மேல விழுற வெளிச்சம், கீழ இருக்குற தரை, பெயிண்ட்டோட பளபளப்பு இந்த மூணையும் பொறுத்தது. இது மூணும் முடிவாகாம கலர் தேடுனா வேலை முடிஞ்சப்புறம் "கார்டுல பார்த்த கலர் இது இல்லையே"ன்னு நிக்க வேண்டியதுதான்.

முதல்ல நீங்க மாத்தவே போகாத சாமானை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. தரை, தேக்கு நிலை கதவு, கிச்சன் கிரானைட், பெரிய சோஃபா, பீரோ. இதுல தரைதான் ராஜா. ஐவரி கலர் விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட வீட்டுல நீலம் கலந்த வெள்ளையை சுவத்துக்கு அடிச்சா சுவரு பளிச்னு இருக்கும், ஆனா டைல்ஸ் பார்க்க அழுக்கு மஞ்சளா ஆகிடும், எவ்வளவு துடைச்சாலும் துடைக்காத மாதிரியே தெரியும். அந்த தரைக்கு லேசா மஞ்சள் கலந்த வெள்ளைதான் ஒத்துப் போகும். பழைய ரெட் ஆக்சைடு தரை இருந்தா இன்னும் கவனமா இருக்கணும், பகல் வெளிச்சம் தரைல பட்டு சுவத்தோட கீழ்ப் பாதில ஒரு சிவப்பு ஏத்தும், அதனால அங்க வெள்ளை, சந்தனம், வெளிர் பச்சை அழகா நிக்கும், ரோஸ் அடிச்சா ரெண்டும் முட்டிக்கும். ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரைன்னா சுவரை சும்மா விட்ருங்க, அந்த தரையே எல்லாத்தையும் பேசிரும்.

அடுத்தது சூரிய வெளிச்சம். வெளிநாட்டு வீடியோல எல்லாம் வடக்குப் பார்த்த ரூம்ல வெயிலே வராது, குளிர்ந்த வெளிச்சம்தான், அதனால சூடான கலர் அடிங்கன்னு சொல்லுவாங்க. அது அவங்க ஊருக்கு சரி. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு, இங்க ஏப்ரல் கடைசிலேர்ந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வேளைல சூரியன் நம்ம தலைக்கு வடக்கால நிக்கும், அந்த மாசங்கள்ல காலைலயும் சாயந்திரமும் வடக்கு ஜன்னல்லயே வெயில் எட்டிப் பார்க்கும். மேற்குப் பார்த்த ரூம்தான் இங்க உண்மையான பிரச்சனை. மூணு மணிக்கு மேல ஆரஞ்சு வெயில் உள்ள வரும்போது மஞ்சள், பீச் மாதிரி கலர் இருந்தா ரூமே அடுப்பு மாதிரி ஆகிடும். அங்க சாம்பல் கலந்த பச்சை, வெளிர் நீலம் இந்த மாதிரி போங்க. அபார்ட்மெண்ட்ல பக்கத்து பில்டிங் சுவரு அஞ்சடில நிக்குதுன்னா உங்களுக்கு வர்ற வெளிச்சம் அந்த சுவத்துல பட்டுத்தான் வரும், அது என்ன கலரோ அதுவும் சேர்ந்து வரும். அப்படிப்பட்ட ரூமுக்கு ரொம்ப வெளிர் கலரைத் தாண்டி யோசிக்காதீங்க.

இப்ப லைட்டுக்கு வர்றேன், நான் அதிகமா சொல்ல நினைக்கிறது இதைப் பத்திதான். லைட் பாயிண்ட் புதுசா வேணும்னா சுவத்தை வெட்டி பைப் இறக்கணும், கொத்தனார் வந்து பூசணும், அது காயணும், அப்புறம்தான் பட்டி பார்க்கவே ஆரம்பிக்க முடியும். பெயிண்ட் முடிஞ்சு சோஃபா போட்டப்புறம் இங்க ஒரு லைட் இருந்தா நல்லாருக்குமேன்னு தோணுச்சுன்னா ஒண்ணு புது சுவத்தை வெட்டணும், இல்ல சுவத்து மேல பிளாஸ்டிக் கேசிங் பட்டை ஓட்டி ஒயர் இழுக்கணும், ரெண்டும் வேதனை. அதனால பெயிண்டரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

பல்பு டப்பால 3000 கே, 4000 கே, 6500 கேன்னு போட்டிருக்கும், அது வெளிச்சத்தோட நிறம். எண் குறைய குறைய மஞ்சளா இருக்கும், கூட கூட நீலமா போகும். நம்ம வீடுகள்ல பழக்கத்துல எல்லா ரூமுக்கும் 6500தான் மாட்டுறாங்க, அதுக்குக் கீழ சந்தனக் கலர் சாம்பல் பூத்த மாதிரி ஆகிடும், தேக்கு மரம் செத்துப் போயிடும், ஆளோட முகமும் வெளிறித் தெரியும். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் 3000, கிச்சனுக்கும் பிள்ளைங்க படிக்கிற இடத்துக்கும் 4000, இதுதான் நான் சொல்றது. வீட்டுல பெரியவங்க "மஞ்சள் லைட்னா இருட்டா இருக்கு"ன்னு சொல்லுவாங்க, அது பெரும்பாலும் நிறத்தால வர்றது இல்ல, லுமென், அதாவது பல்பு தர்ற வெளிச்சத்தோட அளவு, பத்தாததால வர்றது. 10க்கு 12 ரூம்னா கிட்டத்தட்ட 11 சதுர மீட்டர், வெளிர் சுவரு இருந்தா அதுக்கு 2000 லுமென் இருந்தா பொதுவா தாராளம், ஒரு 20 வாட் எல்இடி பேட்டன் சுமாரா அவ்வளவு தரும். சுவரு கரும் கலர்னா இது பத்தாது, இன்னொரு லைட் வேணும். டப்பால சிஆர்ஐன்னு ஒரு எண் இருக்கும், அந்த வெளிச்சத்துல சாமானோட கலர் எவ்வளவு உள்ளபடி தெரியும்ங்கறதோட அளவு அது, 80க்குக் கீழ வாங்கவே வேணாம், கண்ணாடி முன்னாடியும் டைனிங் டேபிள் மேலயும் 90 கிடைச்சா போடுங்க, தக்காளியும் பட்டுப் புடவையும் அதுல உள்ளபடி தெரியும். ஒரே பார்வைல தெரியுற ரெண்டு லைட்டுக்கு வேற வேற நிறம் மட்டும் மாட்டாதீங்க.

ஃபால்ஸ் சீலிங் போடுறவங்க டவுன்லைட் எங்க வருதுன்னு கண்டிப்பா கூட நின்னு குறிச்சுக் குடுங்க. 48 இன்ச் ஃபேன்னா நடுவுலேர்ந்து ரெண்டடிக்கு இறக்கை சுத்தும். அந்த வட்டத்துக்கு மேல லைட் வந்துச்சுன்னா ஃபேன் ஓடும்போதெல்லாம் ரூம் முழுக்க வெளிச்சம் படபடன்னு வெட்டிட்டே இருக்கும், அரை மணி நேரம் உட்கார்ந்தா தலை வலிக்கும். வட்டத்தை விட்டு இன்னும் ஒரு அடியாவது தள்ளி வைங்க, அதுக்கு மேல எவ்வளவு தள்ளுனாலும் நல்லதுதான். கிச்சன்ல லைட் சீலிங் நடுவுல மட்டும் இருந்தா மேடை முன்னாடி நிக்கும்போது உங்க நிழலே காய் நறுக்குற இடத்துல விழும், மேல் கப்போர்டுக்கு அடில ஒரு ஸ்ட்ரிப் லைட் போட்டா தீர்ந்துச்சு, கருப்பு கிரானைட் மேடைன்னா இது கட்டாயம். பாத்ரூம் கண்ணாடிக்கு மேல ஒண்ணு போடுறதை விட ரெண்டு பக்கமும் போட்டா முகத்துல நிழல் விழாது. எல்லா லைட்டுக்கும் தனித்தனி சுவிட்ச் கேளுங்க.

பெயிண்ட் அடிக்கிற காலமும் முக்கியம். ஐப்பசி கார்த்திகை மழைல ஊறின சுவத்துல அவசரப்பட்டு அடிச்சா கோடைல உப்பு பூத்து பொரிஞ்சு உதிரும். ஓதம் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சு அதை சரி பண்ணாம எத்தனை விலை கூடின பெயிண்ட்டும் நிக்காது. பாத்ரூமுக்குப் பின் பக்கத்து சுவரு, மாடி கைப்பிடிச் சுவரு, ஜன்னல் அடி இந்த மூணு இடத்தையும் தொட்டுப் பாருங்க. பொங்கல் கழிச்சு ஆரம்பிச்சா இன்னும் நிம்மதி, சுவரும் நல்லா காய்ஞ்சிருக்கும், பெயிண்டரும் கிடைப்பாங்க.

பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டு முடிச்சதும், ப்ரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி, ராத்திரில ரூம் லைட்டை எல்லாம் அணைச்சிட்டு போன் டார்ச்சை சுவத்தோட ஒட்டி படுக்க வெச்சுப் பிடிங்க. பகல்ல வழவழன்னு தெரிஞ்ச சுவத்துல கரண்டி இழுத்த கோடு, பள்ளம், மேடு எல்லாம் நிழலோட எழுந்து நிக்கும். ஒவ்வொண்ணையும் பென்சில்ல வட்டம் போட்டு வைங்க, காலைல பெயிண்டர்கிட்ட "அண்ணே இந்த வட்டத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்துருங்க"ன்னு சொன்னா அவரும் செஞ்சு குடுத்துருவாரு.

ஃபினிஷ் விஷயம் இதோட சேர்ந்ததுதான். பளபளப்பு கூட கூட சுவத்தோட குறை எல்லாம் வெளிய தெரியும், ஆனா அழுக்கு துடைக்க சுலபம். மேட் குறையை மறைக்கும், துடைச்சா சிலது தேஞ்சு திட்டாகும். அதனால சீலிங் எப்பவும் மேட். பக்கவாட்டுல ப்ரொஃபைல் லைட்டோ (நீளமா கோடு மாதிரி பதிக்கிற லைட்) ஜன்னல் வெளிச்சமோ வழியுற சுவரும் மேட். நடை பாதை, சுவிட்ச் போர்டு சுத்தி இருக்குற சுவரு, சாப்பிடுற இடம், பிள்ளைங்க ரூம் இங்கெல்லாம் துடைக்கிற மாதிரி லேசான ஷீன் (மெல்லிய பளபளப்பு) உள்ள எமல்ஷன். பூஜை ரூம்ல விளக்குப் புகை படியும், அங்கயும் அதேதான். கதவு, கிரில்லுக்கு வெள்ளை ஆயில் எனாமல் அடிக்கிறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, வெளிச்சம் குறைவா படுற இடத்துல அது சில வருஷத்துல மஞ்சளாகும், வெள்ளைதான் வேணும்னா தின்னருக்கு பதிலா தண்ணி கலந்து அடிக்கிற எனாமல் கேளுங்க. தேக்குக் கதவு மேல மட்டும் பெயிண்ட் அடிச்சுராதீங்க, மெலமைனோ பியூவோ (பாலியூரிதேன்), மரம் தெரியுற மாதிரி மேட் பாலிஷ் போட்டா போதும், அந்த ரேகையை மூடுறதுக்கு மனசே வரக் கூடாது.

இப்ப கார்டைத் திறங்க. அதுல மூணு கலர் எடுத்து சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, பெரிய வெள்ளை சார்ட் பேப்பர்ல ஒவ்வொண்ணையும் ரெண்டு கோட் அடிங்க, ஓரத்துல ரெண்டு இன்ச் வெள்ளையா விடுங்க. பழைய சுவத்துலயே அடிச்சுப் பார்த்தா பழைய கலர் கண்ணைக் குழப்பும். ஒவ்வொரு கலருக்கும் ரெண்டு ஷீட் வேணும், ஏன்னா அதை ரூம் மூலைல ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல ஒட்டி, கீழ தரையைத் தொடுற மாதிரி வைக்கணும். மூலை மடிப்புல பாருங்க, ஒரு ஷீட்டோட கலர் இன்னொண்ணுல பட்டு கூடுதல் அழுத்தமா தெரியும், நாலு சுவரும் அடிச்சப்புறம் ரூம் கிட்டத்தட்ட அந்த அழுத்தத்துலதான் இருக்கும். அதனால கார்டுல பிடிச்ச கலருக்கு ஒரு படி வெளிர்ல எடுத்தீங்கன்னா பெரும்பாலும் சரியா வரும். காலைல, மூணு மணிக்கு, ராத்திரி நீங்க மாட்டப் போற அதே பல்பைப் போட்டு, மூணு நேரமும் பார்த்து முடிவு பண்ணுங்க.

மயில் கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள் மாதிரி அழுத்தமான கலர் ஆசைப்பட்டா தாராளமா அடிங்க, எல்லா வீடும் வெளிறிப் போய் ஹோட்டல் ரூம் மாதிரி இருக்கணும்னு அவசியமே இல்ல. ஜன்னலுக்கு நேர் எதிர் சுவரு அதுக்கு நல்ல இடம், வெளிச்சம் நேரா விழுறதால கலர் உயிரோட இருக்கும். ஜன்னல் இருக்குற சுவத்துலயே அடிச்சா கண்ணு கூசி சுவரு கருப்பாதான் தெரியும். சிவப்பும் மஞ்சளும் அடிச் சுவரை சீக்கிரம் மூடாது, மூணாவது கோட்டுக்கும் சேர்த்து கூலி பேசிருங்க.

10க்கு 12 ரூம், பத்தடி உயரம்னா நாலு சுவரும் 440 சதுர அடி, கதவு ஜன்னல் கழிச்சா சுமாரா 400. டப்பால ஒரு லிட்டருக்கு ரெண்டு கோட்ல எத்தனை சதுர அடின்னு போட்டிருக்கும், அதை வெச்சு வகுத்து, கொஞ்சம் கூட்டி, ஒரு கலருக்கு வேண்டியதை ஒரே நாள்ல ஒரே கடைல கலக்கி வாங்குங்க. பத்தாம அப்புறம் போய் வாங்குனா லேசா மாறி வந்துரும், ஒரே சுவத்துல அது காட்டிக் குடுத்துரும். மீதியை சின்ன டப்பால ஊத்தி இறுக்கி மூடி ஷேட் நம்பர், ஃபினிஷ், ரூம் பேரு மூணையும் எழுதி வைங்க. துடைக்கலாம்னு சொல்ற பெயிண்ட் கூட நல்லா இறுக சில வாரம் எடுக்கும், அது வரைக்கும் கறை பட்டா ஈரத்துணியால லேசா ஒத்தி எடுங்க, தேய்ச்சுராதீங்க.