ஸ்ட்ரைப்பர் அடுத்த ஆல்பத்துக்கு எப்படி காத்திருக்கணும்?

மஞ்ச கருப்பு கோடு போட்ட ட்ரெஸ், உச்சஸ்தாயில மைக்கேல் ஸ்வீட் குரல், இது போதும், ஸ்ட்ரைப்பர்ங்கற அமெரிக்க கிறிஸ்தவ ஹெவி மெட்டல் பேண்டுதான்னு தெரியறவங்களுக்குத்தான் இந்த கைடு. எங்க வீட்ல என் தம்பி இன்னும் "ஆட்டோ கலர் பேண்டு"ன்னுதான் சொல்றான், அவன விடுங்க.

முதல்ல ஆல்பம் எப்ப வரும்னு நீங்களே கணக்கு போட்டு பழகுங்க, எவனோ ஷேர் பண்ற தேதிய நம்பி ஏமாந்தது போதும். அவங்க ஆல்பம் வந்த மாசங்கள பாருங்க: 2013 நவம்பர், 2015 அக்டோபர், 2018 ஏப்ரல், 2020 செப்டம்பர், 2022 அக்டோபர், 2024 செப்டம்பர். பாத்தீங்களா, சுமாரா ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, அதுலயும் ஒரே ஒரு தடவ தவிர எல்லாமே செப்டம்பர் டு நவம்பர். அதனால மார்ச் மாசத்துல எல்லாம் தினமும் போய் செக் பண்ணிட்டு இருக்காதீங்க. அந்த காலத்து ரசிகர்கள நெனச்சு பாருங்க, 1990ல ஒரு ஆல்பம் வந்துச்சு, 92ல மைக்கேல் ஸ்வீட் வெளிய போயிட்டாரு, பேண்டே கலைஞ்சுது, அடுத்த முழு புது ஆல்பம் "ரீபார்ன்" வர 2005 ஆயிடுச்சு. 15 வருஷம்! ரெண்டு வருஷம்லாம் ஜுஜுபி.

அடுத்து, ஸ்டுடியோ போட்டோவ பாத்த உடனே துள்ளிக் குதிக்காதீங்க. மைக்கேல் ஸ்வீட் சும்மா இருக்கற ஆளே இல்ல, சோலோ ஆல்பம் போடுவாரு, கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் லிஞ்ச் கூட ஸ்வீட் அண்ட் லிஞ்ச்னு ஒரு பேண்டு, இன்னொரு கிட்டாரிஸ்ட் ட்ரேசி கன்ஸ் கூட சன்பாம்னு ஒண்ணு, இந்த ரெண்டையும் ரிலீஸ் பண்ணதும் ஸ்ட்ரைப்பரோட அதே இத்தாலி லேபிள் ஃப்ரண்டியர்ஸ்தான், அதனால ஈஸியா குழம்பிடும். ராபர்ட் ஸ்வீட் ட்ரம்ஸ், ஆஸ் ஃபாக்ஸ் கிட்டார், பெர்ரி ரிச்சர்ட்சன் பேஸ், இவங்க பேரும் சேர்ந்து இருந்தாதான் நம்ம மேட்டர்.

ஆல்பத்துக்கு முன்னாடி வர்ற சிங்கிள்ஸ்ல முதல் பாட்ட மட்டும் கேளுங்க. நான் ஒரு தடவ வந்தது எல்லாத்தையும் கேட்டு தேச்சுட்டு, ஆல்பம் வந்த அன்னைக்கு பாதி பழசா தெரிஞ்சுது, செம கடுப்பு. அந்த கேப்ல 1986ல வந்த "டு ஹெல் வித் த டெவில்" கேட்டுட்டு நேரா 2013 "நோ மோர் ஹெல் டு பே"க்கு தாவுங்க, கிட்டார் எவ்ளோ கனமாயிருக்குன்னு காதுக்கே தெரியும், புதுசு எந்தப் பக்கம் போகும்னு ஒரு ஐடியா கிடைக்கும்.

ஆல்பம் பேர் வந்ததும் சண்டையும் வரும், அதுக்கும் ரெடியா இருங்க. 2018ல "காட் டேம் ஈவில்"னு வெச்சதுக்கு அமெரிக்க கடை வால்மார்ட் விக்க மாட்டேன்னுடுச்சு. அது கெட்ட வார்த்தை இல்ல, தீமைய கடவுள் அழிக்கட்டும்ங்கற வேண்டுதல். சர்ச்ல யாராவது மூஞ்சிய சுளிச்சா ஏசாயா 53:5 எடுத்து காட்டுங்க, "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்", அவங்க லோகோலயே இருக்கற வசனம், பேண்டு பேரும் அதுல இருந்துதான். இங்கிலீஷ்ல தழும்புக்கும் கோட்டுக்கும் ஒரே வார்த்தை, ஸ்ட்ரைப், அந்த மஞ்ச கருப்பு கோட்டுக்கும் அது பொருந்துது, தமிழ்ல அந்த விளையாட்டு காணாம போயிடுது.

வினைல் வாங்கறவங்க ப்ரீ ஆர்டர்லயே போட்டுருங்க, அப்பறம் கவர் மாறிடுச்சுன்னு அழக்கூடாது. 86 ஆல்பத்துக்கே முதல்ல வந்த தேவதூதர் படம் பிரச்சனையாகி வெறும் கருப்பு கவர் ஆச்சு, பழைய கவர் வெச்சிருக்கறவன் இன்னைக்கு ராஜா.

கடைசியா ரிலீஸ் ராத்திரி. 2015 ஜூலைல இருந்து உலகம் பூரா வெள்ளிக்கிழமதான், ஸ்ட்ரீமிங்ல பெரும்பாலும் அந்தந்த ஊர் நடுராத்திரிக்கு வந்துடும். வியாழக்கிழம சீக்கிரம் சாப்பிட்டு ஹெட்ஃபோன சார்ஜ்ல போட்டு வைங்க. செப்டம்பர், அக்டோபர்ல நமக்கு 12 மணி அடிக்கறப்ப பேண்டோட சொந்த ஊர், கலிஃபோர்னியாவுல இருக்கற ஆரஞ்சு கவுண்டில வியாழன் காலை பதினொன்றரை, அவங்களுக்கு இன்னும் பன்னெண்டரை மணி நேரம் இருக்கு, அதனால பாட்டு எப்படின்னு வாய தெறக்காதீங்க ப்ளீஸ்.